திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் முன்கூட்டிய பணி ஓய்வு

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் முன்கூட்டிய பணி ஓய்வு என்பது, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள இத்தொழில் வட்டாரத்தின் ஆலைத் தொழிலாளர்கள், வழக்கமான ஓய்வு வயதாகிய 58 ஐ எட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஆலைப் பணியிலிருந்து விலகுவதைக் குறிக்கும். இது விருப்ப ஓய்வுத் திட்டம், ஆலை மூடல், உடல்நலக் குறைவு, குடும்பப் பொறுப்பு, ஒப்பந்தம் முடிதல் எனப் பல வழிகளில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் முன்கூட்டிய ஓய்வுக்கு ஓய்வூதியத்தின் கவர்ச்சி ஒரு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இவ்வட்டாரத்திலோ ஓய்வூதியம் மிகச் சிறியது. ஒரே தவணையில் கைக்கு வரும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விருப்ப ஓய்வு இழப்பீடு ஆகியவையே தொழிலாளியின் முடிவில் பெரும் பங்கு வகிக்கின்றன.

சொற்பொருள்

அரசுப் பணியில் "ஓய்வு" என்பது குறிப்பிட்ட வயதில் பணி முடிந்து, அடுத்த மாதம் முதல் ஓய்வூதியம் பெறுவதாகும். தனியார் ஆலைத் தொழிலாளிக்குப் பணி முடியும் நாளும் ஓய்வூதியம் தொடங்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. 45 வயதில் ஆலையை விட்டவருக்கு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் கிடைப்பதற்கே 50 வயது ஆகவேண்டும். முழு ஓய்வூதியத்திற்கு 58 வயது ஆகவேண்டும். இடைப்பட்ட காலத்தில் அவர் வேறு தொழில் செய்தே வாழவேண்டியுள்ளது. ஆகவே இங்கு முன்கூட்டிய ஓய்வு என்பது பெரும்பாலும் உழைப்பிலிருந்து ஓய்வு பெறுவதன்று. அமைப்புசார் வேலையிலிருந்து அமைப்புசாரா வேலைக்கு மாறுவதாகும்.

"மூத்த தொழிலாளி" என்னும் சொல்லுக்கும் இங்கு வேறு பொருள் உண்டு. 18 முதல் 25 வயது வரையுள்ளோரையே பெரும்பாலும் வேலைக்கு எடுக்கும் உற்பத்தி வரிசைகளில் நாற்பது வயதைக் கடந்தவரே மூத்தவராகக் கருதப்படுகிறார்.

தொழில் வட்டாரத்தின் பின்னணி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்), வைணவ ஆச்சாரியர் இராமானுசர் பிறந்த ஊர் என்ற வகையில் நெடுங்காலமாக அறியப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனத்தின் (சிப்காட்) தொழிற்பூங்காக்கள் வழியாக இது பெரும் தொழில் மையமாக மாறியது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் பூங்காக்கள் உள்ளன.

முக்கிய ஆலைகள் சிலவும் அவை உற்பத்தியைத் தொடங்கிய அல்லது திறக்கப்பட்ட ஆண்டுகளும்:

- ஹூண்டாய் மோட்டார் இந்தியா, இருங்காட்டுக்கோட்டை – 1998
- செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை, திருப்பெரும்புதூர் – 2000
- நோக்கியா கைப்பேசி ஆலை, திருப்பெரும்புதூர் – 2006 (2014 இல் மூடப்பட்டது)
- சாம்சங், சுங்குவார்சத்திரம் அருகில் – 2007
- ரெனோ – நிசான், ஒரகடம் – 2010
- டைம்லர் வணிக ஊர்திகள், ஒரகடம் – 2012
- ராயல் என்பீல்டு, ஒரகடம் – 2013

இந்த ஆண்டுகள் ஓய்வு பற்றிய ஆய்வில் முக்கியமானவை. 1998 முதல் 2000 வரை இருபது வயதை ஒட்டிச் சேர்ந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இப்பொழுது ஐம்பது வயதை நெருங்குகின்றனர். 2010க்குப் பின் வந்த ஆலைகளின் முதல் தொழிலாளர்கள் நாற்பதை நெருங்குகின்றனர். முழுப் பணிக்காலம் முடித்து 58 வயதில் ஓய்வு பெறும் பெருங்கூட்டம் ஒன்றை இவ்வட்டாரம் இன்னும் கண்டதில்லை.

ஓய்வுகால ஏற்பாடுகள்

வருங்கால வைப்பு நிதி

தனியார் ஆலைத் தொழிலாளர்களின் ஓய்வுகாலப் பாதுகாப்புக்கு ஊழியர் வருங்கால வைப்பு நிதி மற்றும் பல்வகை ஏற்பாடுகள் சட்டம், 1952 அடித்தளமாக அமைந்தது. பேச்சு வழக்கில் இது "பி.எப்." எனப்படுகிறது. தொழிலாளி தம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றில் 12 விழுக்காடு செலுத்துகிறார். நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. நிறுவனத்தின் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. எஞ்சியது வைப்பு நிதியில் சேர்கிறது. நடுவண் அரசு 1.16 விழுக்காட்டை ஓய்வூதியத் திட்டத்திற்கு வழங்குகிறது.

ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995

1971 ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டத்திற்கு மாற்றாக 1995 நவம்பர் 16 முதல் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன் முக்கிய விதிகள் வருமாறு:

- ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் பணி வேண்டும்.
- முழு ஓய்வூதியம் 58 வயதில் தொடங்கும்.
- 50 வயது முதல் முன்கூட்டியே பெறலாம். 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டிற்கும் 4 விழுக்காடு குறைக்கப்படும். 2008க்கு முன் இது 3 விழுக்காடாக இருந்தது.
- 58க்குப் பின் 60 வயது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும்.
- 20 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் பணியாற்றி 58 வயதில் ஓய்வு பெறுபவருக்குப் பணிக்காலத்துடன் 2 ஆண்டுகள் கூட்டப்படும்.
- பணியில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் குடும்பத்திற்கு ஓய்வூதியம் உண்டு.

மாத ஓய்வூதியம், ஓய்வூதியத்திற்குரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. இங்கு கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்திற்கு உச்சவரம்பு உண்டு. 2001 சூன் முதல் 6,500 ரூபாயாக இருந்த வரம்பு, 2014 செப்டம்பர் 1 அன்று 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2014 செப்டம்பருக்கு முற்பட்ட பணிக்காலம் பழைய வரம்பின்படியும், பிற்பட்ட பணிக்காலம் புதிய வரம்பின்படியும் தனித்தனியே கணக்கிடப்படும். அந்நாளுக்குப் பின் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர இயலாது; அவர்களுக்கு வைப்பு நிதி மட்டுமே உண்டு.

எடுத்துக்காட்டு

1978 இல் பிறந்து, 2000 செப்டம்பரில் 22 வயதில் ஆலையில் சேர்ந்த ஒருவரைக் கொள்வோம். அவருடைய உண்மையான ஊதியம் வரம்பைவிட அதிகமாக இருந்தாலும், சந்தா வரம்பளவே செலுத்தப்பட்டதாகவும், வரம்பு 15,000 ரூபாயாகவே தொடர்வதாகவும் கொள்வோம்.

2014 ஆகத்து வரையிலான 14 ஆண்டுகளுக்கு: 6,500 × 14 ÷ 70 = 1,300 ரூபாய்.

அவர் 2026 ஆகத்தில் 48 வயதில் விலகினால், பிந்தைய 12 ஆண்டுகளுக்கு: 15,000 × 12 ÷ 70 = 2,571 ரூபாய். 58 வயதில் கிடைப்பது மாதம் 3,871 ரூபாய். இதையே 50 வயதில் பெறத் தொடங்கினால் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்து 2,700 ரூபாயை ஒட்டி நிற்கும்.

அவர் 58 வயது வரை பணியில் தொடர்ந்தால், பிந்தைய 22 ஆண்டுகளுக்கு: 15,000 × 22 ÷ 70 = 4,714 ரூபாய். மொத்தம் 6,014 ரூபாய். கூட்டப்படும் 2 ஆண்டுகளுக்கான தொகை இதில் சேர்க்கப்படவில்லை.

அதாவது, மேலும் பத்து ஆண்டுகள் இரவுப் பணி உட்பட உழைப்பதால் ஓய்வூதியத்தில் கூடுவது மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவே. இவ்வோய்வூதியத்திற்கு அகவிலைப்படி உயர்வும் கிடையாது. முதல் மாதம் பெற்ற தொகையே, அரசு தனியாக உயர்த்தினாலன்றி, வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆகவே வேலையில் நீடிக்கவும் சரி, விலகவும் சரி, ஓய்வூதியம் வலுவான தூண்டுதலாக அமைவதில்லை.

பணிக்கொடை

பணிக்கொடை வழங்கல் சட்டம், 1972 இன்படி ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை வழங்கப்பட்டது. மாத ஊதியம் 26 நாட்களுக்கு உரியதாகக் கொள்ளப்படும். கடைசி ஊதியம் 30,000 ரூபாய் பெற்று 26 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு இது 4,50,000 ரூபாயாகும். 2018 மார்ச் 29 முதல் இதன் உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய்.

மருத்துவப் பாதுகாப்பு

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (ஈ.எஸ்.ஐ.) ஐந்தாண்டுகள் காப்பீடு பெற்றுப் பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஆனால் இத்திட்டத்திற்கான ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாயாக உள்ளது. பெரிய ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர் பலர் இவ்வரம்பைத் தாண்டி, நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருப்பவர்கள். விலகும்போது அக்காப்பீடும் பொதுவாக முடிந்துவிடுகிறது. உடல் தளரும் வயதில் மருத்துவப் பாதுகாப்பு இல்லாமற்போவது முன்கூட்டிய ஓய்வின் பெரிய இழப்புகளுள் ஒன்றாகும்.

முன்கூட்டியே விலகுவதற்கான காரணங்கள்

வேலையின் தன்மை

வாகனம், மின்னணுப் பொருள், உதிரிபாகம் ஆகியவற்றின் உற்பத்தி வரிசையில் ஒரே அசைவை ஒரு ஷிப்டில் பல நூறு முறை செய்ய வேண்டியுள்ளது. நின்றுகொண்டே செய்யும் வேலை, கழுத்து, இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு ஆகியவற்றில் தேய்மானத்தை உண்டாக்குகிறது. வாரந்தோறும் மாறும் ஷிப்டு முறை உறக்கத்தையும் செரிமானத்தையும் பாதிக்கிறது. இளம் வயதினருக்கு ஏற்ப அமைக்கப்பட்ட வரிசை வேகத்தை நாற்பதைக் கடந்தவர் ஈடுகொடுப்பது கடினம். தர ஆய்வு, பயிற்சி, பொருட்கிடங்கு போன்ற இலகுவான பணிகள் எண்ணிக்கையில் குறைவு.

பயணமும் இருப்பிடமும்

திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர், இராணிப்பேட்டை மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்தும் தொழிலாளர்கள் இங்கு வருகின்றனர். ஆலைப் பேருந்தில் நாள்தோறும் வெகுதொலைவு சென்றுவருவோர் உண்டு. அருகிலேயே அறை எடுத்துத் தங்குவோர் திருமணம், குழந்தைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை ஆகியவை வரும்போது சொந்த ஊர் திரும்ப எண்ணுகின்றனர். 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தகைய விடுதிகள் இளம், தனி ஆட்களுக்கே ஏற்றவை. குடும்பத்துடன் வாழும் நடுவயதினருக்கான குடியிருப்பு ஏற்பாடுகள் குறைவு.

பெண் தொழிலாளர்

மின்னணு ஆலைகளில் பெண்களே பெரும்பான்மையினர். இவர்களுள் பலர் திருமணத்தையும் மகப்பேற்றையும் ஒட்டி, முப்பது வயதிற்குள்ளேயே வேலையை விடுகின்றனர். பத்தாண்டுப் பணி என்னும் ஓய்வூதியத் தகுதியை இவர்கள் எட்டுவது அரிது.

வேலை ஒப்பந்தத்தின் வகை

ஒரே வரிசையில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, நிலையான காலத் தொழிலாளி, பயிற்சியாளர் எனப் பல வகையினர் பணிபுரிகின்றனர். 24 மாதங்களில் 480 நாட்கள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் தொழிற்பழகுநர் சட்டம், 1961 இன் கீழ் வருவோர் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவர்களுக்கு வைப்பு நிதியும் இல்லை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறுவதால், பலருடைய பணிக்காலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2014 அக்டோபரில் அறிமுகமான பொதுக் கணக்கு எண் (யூ.ஏ.என்.) இக்குறையை ஓரளவு நீக்கியது.

நிறுவனத்தின் நோக்கு

தொழிற் தகராறுகள் சட்டம், 1947 இன்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. தொழிலாளி தாமே எழுதிக்கொடுத்து விலகும் விருப்ப ஓய்வுக்கு அத்தகைய அனுமதி தேவையில்லை. ஆகவே சம்பளம் கூடிய மூத்தவர்களைக் குறைக்கவும், மூடலுக்கு முன் ஆலையைக் காலி செய்யவும் இம்முறை பயன்பட்டது. வருமான வரிச் சட்டம், 1961 இன் 10(10சி) பிரிவு, விதிகளுக்கு உட்பட்ட விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் ரூபாய் வரை வரிவிலக்கு அளித்தது. அவ்விதிகள் 10 ஆண்டுப் பணி முடித்தவர்களுக்கு அல்லது 40 வயது நிரம்பியவர்களுக்கென வகுக்கப்பட்டவை.

நோக்கியா ஆலையின் விருப்ப ஓய்வு (2014)

இவ்வட்டாரத்தில் பெருமளவில் நிகழ்ந்த முன்கூட்டிய ஓய்வு நோக்கியா ஆலையில் நடந்ததாகும். 2006 சனவரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வாலை, உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது, வரித் தகராறு காரணமாக இவ்வாலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. அவ்வேளையில் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தை 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஏற்றனர். 2014 நவம்பர் 1 அன்று ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

விருப்ப ஓய்வு என்னும் சொல் ஐம்பது வயதினரை நினைவூட்டும். இங்கு விலகியோரில் மிகப் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பெண்கள் பெரும் எண்ணிக்கையினர். ஆலையின் ஆயுளே ஒன்பது ஆண்டுகளை எட்டவில்லை. எனவே தொடக்க நாளில் சேர்ந்தவர் உட்பட எவருக்கும், இந்த ஒரு வேலையின் பணிக்காலத்தை மட்டும் கொண்டு ஓய்வூதியத் தகுதி கிடைத்திருக்க இயலாது. பத்தாண்டு ஆகாதவர்க்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது, பணத்தை எடுத்துக்கொள்வது. எட்டு ஆண்டுப் பணிக்கு ஊதியத்தின் 8.22 மடங்கு என்பது திட்டத்தின் அட்டவணை. அப்போதைய 6,500 ரூபாய் வரம்பில் இது 53,430 ரூபாய். இத்தொகையை எடுத்தவுடன் எட்டு ஆண்டுப் பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

இரண்டாவது, திட்டச் சான்றிதழ் பெறுவது. தொழிலாளர் இதனை "ஸ்கீம் சர்டிபிகேட்" என்பர். இதைப் பெற்றவர் வேறொரு ஆலையில் மேலும் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தாலே பத்தாண்டுத் தகுதி நிறைவேறி, வாழ்நாள் ஓய்வூதியத்திற்கு உரியவராவார்.

வேலையிழந்த நிலையில், வாடகையும் கடன் தவணையும் காத்திருக்கும்போது, ஐம்பதாயிரம் ரூபாயை விட்டுவிட்டு முப்பது ஆண்டுகள் கழித்து வரும் சிறு ஓய்வூதியத்தைத் தேர்வது எளிதன்று. தொழிலாளியின் அறியாமை மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூறுவது பொருந்தாது. வேலையின்மைக் காலத்திற்கென வலுவான வேறு உதவி இல்லாத நிலையில், ஓய்வுகாலச் சேமிப்பே வேலையின்மை உதவியாகவும் பயன்படுகிறது என்பதே இதன் பொருள்.

ஆலை வளாகம் பின்னர் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்கு மாறி மீண்டும் இயங்கத் தொடங்கியது.

போர்டு ஆலையுடன் ஒப்பீடு

அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டம், மறைமலைநகரில் இயங்கிய போர்டு கார் ஆலையை மூடும் முடிவு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்டது. 2022 சூலையில் உற்பத்தி நின்றது. தொழிற்சங்கத்துடன் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் சராசரியாக 130 நாள் மொத்த ஊதியம் என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டது. ஆட்குறைப்புக்குச் சட்டம் விதித்த குறைந்த அளவு ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியமே. நிரந்தரத் தொழிலாளர், வலுவான சங்கம் ஆகியவை இருந்தமை இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இத்தகைய உடன்பாடுகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உதிரிபாக ஆலைத் தொழிலாளர்களும் பொதுவாக இடம்பெறுவதில்லை.

ஓய்வூதிய முறையின் பங்கு

பொருளியலாளர் ஜொனாதன் குரூபர், டேவிட் வைசு ஆகியோர் 1999 இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு, வளர்ந்த நாடுகளில் ஓய்வூதிய விதிகளே மூத்தோரை முன்கூட்டி விலகத் தூண்டுகின்றன என வாதிட்டது. மேலும் ஓராண்டு உழைத்தால் பெறும் ஓய்வூதியத்தின் மொத்த மதிப்பு கூடாமல் குறையுமானால், அது உழைப்பின் மீது விதிக்கப்பட்ட மறைமுக வரியைப் போன்றது என்பது அவர்களின் கருத்து.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்திற்கு இக்கருத்து ஓரளவே பொருந்தும். இங்கு ஓய்வூதியம் இழுப்பதில்லை. வேலையின் கடுமையும் நிலையின்மையும் தள்ளுகின்றன. ஆனால் பணியை விட்டால்தான் சேமிப்பு முழுமையாகக் கைக்கு வரும் என்னும் விதி தனியொரு தூண்டுதலாக அமைகிறது. மகளின் திருமணம், வீடு கட்டல், கந்துக் கடன் ஆகியவற்றுக்காக வேலையை விட்டுப் பி.எப். பணத்தைப் பெறுவோரும் உண்டு.

பிற நாடுகளில்

இலங்கையில் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். அங்கு தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 60 ஆக்கப்பட்டது. மலேசியாவில் 2013 சூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சிங்கப்பூரில் 2022 இல் 63 ஆக்கப்பட்ட ஓய்வு வயதை 2026 சூலை 1 முதல் 64 ஆக உயர்த்த முடிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 இல் 59 ஆகவும் 2021 இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வு வயதை உயர்த்தும் இப்போக்கு, நாற்பதுகளிலேயே வெளியேறும் ஆலைத் தொழிலாளியின் நிலைக்கு நேர்மாறானது.

விமர்சனங்களும் மாற்றங்களும்

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இதனை 7,500 ரூபாயாக உயர்த்தி அகவிலைப்படி வழங்க வேண்டும் என ஓய்வூதியர் அமைப்புகள் போராடி வந்துள்ளன. சந்தா எதுவும் தேவைப்படாத தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023 இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டதை இதனுடன் ஒப்பிட்டுச் சுட்டிக்காட்டுவர்.

உண்மை ஊதியத்தின் அடிப்படையில் உயர் ஓய்வூதியம் பெறுவது குறித்து உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்தது. தகுதியுடையோர் விருப்பம் தெரிவிக்க அது நான்கு மாத அவகாசம் அளித்தது.

2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு, வேலையிழந்தவர் வைப்பு நிதியை முழுமையாக முடிக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், ஓய்வூதியத் தொகையை எடுக்கும் காலத்தை 36 மாதமாகவும் நீட்டிக்க முடிவு செய்தது. பணிக்காலம் அறுபடுவதைத் தடுப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. வேலையிழந்தவரின் சொந்தப் பணத்தை அவருக்குத் தேவையான வேளையில் முடக்குகிறது என்று தொழிற்சங்கத் தரப்பில் எதிர்ப்பும் எழுந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 இன் கீழ் வந்தன. இதன்படி நிலையான காலத் தொழிலாளி ஓராண்டுப் பணிக்குப் பின்னரே பணிக்கொடைக்கு உரியவராகிறார்; ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை. மறுபுறம், ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் முன் அனுமதி தேவைப்படும் தொழிலாளர் எண்ணிக்கை 100 இலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது. பத்தாண்டுப் பணி என்னும் ஓய்வூதியத் தகுதி, குறுகிய கால வேலைகள் பெருகிவரும் இவ்வட்டாரத்தில் இன்னும் தீராத சிக்கலாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- ஊழியர் வருங்கால வைப்பு நிதி
- பணிக்கொடை
- விருப்ப ஓய்வுத் திட்டம்
- சிப்காட்
- திருப்பெரும்புதூர்
- ஒரகடம்